உள்ளிருந்து வந்த உத்தரவு

மூன்று பெண்கள் செத்துப்போன செய்தியில் சுடர்க்கொடி முதலில் தேடியது மதகின் எண்ணைத்தான். ஏழு என்று போட்டிருந்தது.

பழவாற்றில் நாணற்கோட்டகம் தடுப்பணை, ஏழாம் எண் மதகு. மதியம் இரண்டு பத்துக்கு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் முழு உயரத்துக்குத் திறந்துகொண்டது. கோடைக் குடிநீருக்காகத் தேக்கி வைத்திருந்த தண்ணீர், காய்ந்து கிடந்த படுகையில் ஆள் உயரத்துக்குப் பாய்ந்தது. சற்றுக் கீழே பாய்க்கோரை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் பதினொரு பேர். எட்டுப் பேர் எப்படியோ கரையேறிவிட்டார்கள். அஞ்சம்மாள், பவுனு, செல்லக்கண்ணு மூவரும் ஏறவில்லை.

"சொன்னேனே," என்றாள் சுடர்க்கொடி சத்தமாக. அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "எட்டு மாசமா தலையால அடிச்சுக்கிட்டேனே, பாவிங்களா!"

இணையதளங்களில் எங்கே ஓட்டை இருக்கிறது, எந்த வழியாகத் திருடன் நுழைவான் என்று தேடிச் சொல்வது அவள் தொழில். திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். ஆற்றுநீர் ஆணையத்தின் புகார்த் தளத்தில் அவள் கண்ட ஓட்டை, தொழில்முறையாகத் தேடிக் கண்டதல்ல. அம்மா இருக்கும் தெருவில் வாய்க்கால் அடைத்துக்கொண்டிருந்தது. படத்தோடு புகார் கொடுக்கப் போனவளின் கண்ணில் அது தானாகப் பட்டது.

ஏழு வருடத்துக்கு முன்பு டெல்டாவின் இருநூற்றுப் பன்னிரண்டு மதகுகளையும் ஆட்களிடமிருந்து வாங்கி ஒரே இயந்திரத்திடம் கொடுத்திருந்தது ஆணையம். எங்கே எவ்வளவு நீர், எப்போது திறப்பது, எப்போது மூடுவது எல்லாம் அதன் முடிவு. 'மனிதத் தலையீட்டைத் தவிர்க்க' என்று சொல்லி மதகுகளின் கைச்சக்கரங்களை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தனை பெரிய இயந்திரத்துக்குப் போகும் வழி ஒரு சாதாரணப் புகார்ப் பெட்டியில் திறந்து கிடந்தது. சுடர்க்கொடி நான்கு கடிதம் எழுதினாள். இப்போது மூன்று பிணம்.

அன்று மாலையே மதகுக் காப்பாளர் சவரிமுத்துவைக் கைது செய்துவிட்டார்கள். ஆணையத்தின் இணை இயக்குநர் குலசேகரன் தொலைக்காட்சியில் தோன்றி, நிதானமாக, தெளிவான உச்சரிப்பில் பேசினார். "எங்கள் அமைப்புக்குள் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. உத்தரவு உள்ளிருந்துதான் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்த மதகில் இருந்த ஒரே ஊழியர் சவரிமுத்து."

சுடர்க்கொடி கையிலிருந்த தண்ணீர்க் குவளையைச் சுவரில் வீசினாள். தொலைக்காட்சியில் அவர் அதே நிதானத்தோடு பேசிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் நூர்ஜஹான் அவளைத் தேடி வந்தார். சவரிமுத்துவுக்காக வாதாட ஒப்புக்கொண்ட வழக்கறிஞர் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், சுற்றி வளைக்காமல் பேசுபவர். ஆணையத்தின் நிலுவைக் கடிதப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் நாற்பத்தெட்டு மணி நேரப் பிரிவில் கேட்டு வாங்கியிருந்தார். அதில் சுடர்க்கொடியின் பெயர் நான்கு முறை இருந்தது.

"எனக்குக் கம்ப்யூட்டர்னா பயம்," என்றார் உட்கார்ந்ததும். "நீதிபதிக்கும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் புரியிற மாதிரி சொல்லுங்க. வெளியிலேர்ந்து யாரும் நுழைய முடியாதுன்னு அந்த ஆள் சொல்றது பொய்யா?"

"பொய்யில்ல மேடம். அதான் கொடுமை. மதகைத் திறக்கிற இயந்திரத்தை நீங்களோ நானோ வெளியிலேர்ந்து தொடவே முடியாது. ஆனா அந்தப் புகார்த் தளம் தொடலாம். அதுவும் அவங்க வீட்டுப் பிள்ளைதானே?"

"சரி."

"புகார் கொடுக்கிறப்ப ஒரு கட்டம் வரும். 'படம் இணையத்தில் இருந்தால் அதன் முகவரியைத் தரவும்'னு. நீங்க முகவரி கொடுத்தா, தளம் தானே போய் அந்தப் படத்தை எடுத்துட்டு வரும். எங்க போறோம்னு ஒரு தடவைகூட பார்க்காது. இப்ப, படத்தோட முகவரிக்குப் பதிலா உள்ள இருக்கிற இயந்திரத்தோட முகவரியைக் கொடுத்தா?"

நூர்ஜஹான் கொஞ்சம் யோசித்தார். "ஆபீஸ் பியூன் கையில சீட்டு கொடுத்து அனுப்புற மாதிரி. உள்ள இருக்கிற அதிகாரி என்னைப் பார்த்தா விரட்டிடுவார். ஆனா சீட்டைக் கொண்டுபோறது அவரோட பியூன்."

"அதேதான். நம்ம ஆளுதானேன்னு கையெழுத்துப் போட்டுடுவார். சீட்டை யார் எழுதினதுன்னு கேட்கமாட்டார்."

"அப்ப சீட்டை எழுதினது யாரு?"

"தெரியல. புகார்த் தளத்துக்குத் தனியா ஒரு பதிவேடு இருக்கும். யார் எந்த முகவரியைக் கொடுத்தாங்கன்னு வரி வரியா இருக்கும். கோர்ட்டு மூலமா அதைக் கேளுங்க மேடம். அதுல எழுதினவன் அகப்பட்டுக்குவான்." சுடர்க்கொடி மேசையில் விரலால் குத்திக் குத்திச் சொன்னாள். "அவனையும் விடக்கூடாது, கடிதத்தைப் படிக்காத இவனுங்களையும் விடக்கூடாது."

மறுநாள் இருவரும் சவரிமுத்துவைச் சிறையில் பார்த்தார்கள். அவருக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் லஸ்கராக இருந்து மதகுகளைக் கையால் திருப்பியவர். சக்கரத்தை எடுத்த பிறகு 'காப்பாளர்' என்று பெயரை மாற்றி ஒரு நாற்காலியும் ஒரு சின்னத் திரையும் கொடுத்திருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவரின் உள்ளங்கைகள் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது.

"கையில என்னங்கய்யா?" என்றாள் சுடர்க்கொடி.

"சக்கரம் இருந்த எடத்துல தண்டு மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கும்மா. அதப் புடிச்சுத் திருப்பிப் பாத்தேன். தோலு வந்துருச்சு. தண்டு வரல." சாதாரணமாகத்தான் சொன்னார். "திறக்குதுன்னு மொதல்ல சத்தம்தான் வந்துச்சு. திரையில பாத்தா 'உத்தரவு ஏற்கப்பட்டது'ன்னு இருக்கு. மூடுன்னு அமுக்குறேன், 'உங்களுக்கு அனுமதி இல்லை'ங்குது. போன் போட்டேன். 'தங்கள் அழைப்பு வரிசையில் உள்ளது'ன்னு ஒரு பொம்பளக் குரலு. கீழ பொம்பளைவொ பாட்டு பாடிக்கிட்டு அறுத்துக்கிட்டு நிக்கிதுவொ. கரையிலயே ஓடிக்கிட்டு கத்துனேன். பவுனு நிமுந்து பாத்துச்சும்மா. என்னப் பாத்துச்சு. நான் ஏதோ வெளயாட்டுக்குக் கத்துறேன்னு நெனச்சுக்கிட்டு கைய ஆட்டுச்சு."

கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சுடர்க்கொடி சிறைச் சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகை நின்ற பிறகு கோபம்தான் மிச்சம் இருந்தது. அவளுக்கு அது வேண்டியிருந்தது. அது இருக்கிறவரை காலை எழ முடியும், சாப்பிட முடியும் என்று தோன்றியது.

பதிவேடு பத்து நாள் கழித்து வந்தது. நூர்ஜஹானின் அலுவலகத்து மேசையில் நாற்பது தாள். காற்றாடிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு தடிச் சட்டப் புத்தகத்தை மேலே வைத்துக்கொண்டு, சுடர்க்கொடி அளவுகோலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். நூர்ஜஹான் எதிரில் வேறொரு வழக்கின் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் பக்கத்தில் அளவுகோல் நின்றது.

இரண்டு மணி ஒன்பது நிமிடம். தளம் ஒரு முகவரிக்குப் போயிருக்கிறது. ஏழாம் மதகைத் திறக்கும் முகவரி. யார் கொடுத்தது என்ற இடத்தில் எந்த நாட்டுத் திருடனின் சுவடும் இல்லை. 'நிலுவைக் கோப்பு முடிப்பு' என்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கடித எண். அந்த எண் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அவளுடைய நான்காவது கடிதம்.

"மேடம்," என்றாள். மறுபடி "மேடம்" என்றாள்.

நூர்ஜஹான் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "என்னம்மா?"

"ஆணையத்துல புதுசா ஒரு எழுத்தர் இயந்திரம் வாங்கியிருக்காங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. எல்லாரும் 'கோப்பன்'னு கூப்பிடுவாங்க. வருஷக் கடைசிக்குள்ள நிலுவையில இருக்கிற கடிதத்தையெல்லாம் புகார்த் தளத்துல ஏத்தி, பதில் போட்டு மூடுறது அதோட வேலை. கடிதத்துக்குள்ள ஏதாவது முகவரி இருந்தா, தளம் அதைப் போய் எடுத்துட்டு வந்து கோப்போட சேர்க்கும்."

"அதனால?"

"என் கடிதத்துல முகவரி இருந்துச்சு மேடம். 'இந்த முகவரியைக் கொடுத்தால் மதகு திறந்துவிடும், தயவுசெய்து சோதித்துப் பார்க்க வேண்டாம்'னு எழுதியிருந்தேன். கோப்பன் ஏத்துச்சு. தளம் போய்த் திறந்துடுச்சு."

நூர்ஜஹான் முப்பத்தோராம் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, அளவுகோல் நின்ற வரியைப் படித்தார்.

இந்தத் தொழிலில் பாலபாடம் ஒன்று உண்டு. ஆபத்தான முகவரியை எழுதும்போது நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டும். அப்போதுதான் யாரும், எதுவும், தவறிக்கூட அதன் வழியே போக முடியாது. முதல் மூன்று கடிதங்களில் அவள் இடைவெளி விட்டுத்தான் எழுதினாள். மூன்றாவதற்கு ஆணையத்திலிருந்து ஒரு பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிடும் குறைபாட்டுக்குப் போதிய சான்று இல்லை. முழு விவரங்களுடன் விண்ணப்பிக்கவும்.' அதைப் படித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தாங்கடா முழு விவரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முகவரியை முழுசாக, இடைவெளி இல்லாமல் அடித்து அனுப்பினாள். ஏன் ஏழாம் மதகு? எந்தக் காரணமும் இல்லை. பட்டியலில் கண்ணில் பட்ட எண்.

"கோபத்துல எழுதிட்டேன்," என்றாள். "ஒரே ஒரு இடைவெளி மேடம்."

நூர்ஜஹான் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். "இப்ப நான் உங்க வக்கீல் இல்ல. சவரிமுத்துவோட வக்கீல். இந்தத் தாள் அவரை வெளிய கொண்டுவந்துடும். உங்களை உள்ள தள்ளிடும். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் யோசிங்க."

யோசிக்க நேரம் கொடுக்காமல் மறுநாள் காலை குலசேகரனே அழைத்துவிட்டார். பதிவேட்டை நீதிமன்றத்துக்குக் கொடுக்குமுன் அவரும் படித்திருந்தார் போலும். குளிரூட்டப்பட்ட அறை. மேசை மேல் தடுப்பணையின் சிறிய மாதிரி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"உட்காருங்க மேடம். டீ சொல்லட்டுமா?" என்றார். "நீங்க நல்ல எண்ணத்துலதான் எழுதினீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா சட்டம் எண்ணத்தைப் பார்க்காதே? அனுமதியில்லாம எங்க தளத்தைச் சோதிச்சதே குற்றம். அதுக்கு மேல மூணு உயிர்."

"கடிதத்தை யாராவது படிச்சிருந்தா மூணு உயிரும் இருந்திருக்கும் சார்."

"அதை விடுங்க. நான் ஒரு வழி சொல்றேன். வெளிநாட்டுச் சதின்னு அறிக்கை தயாரா இருக்கு. 'அடையாளம் தெரியாத நபர்கள்.' சவரிமுத்துவை விட்டுடுவாங்க. கவனக்குறைவுக்காக வேலையிலேர்ந்து எடுப்போம், அவ்வளவுதான். உங்க பேரு எங்கயும் வராது. அந்த ஒரு பக்கம் மட்டும் தெளிவா அச்சாகலைன்னு உங்க மாதிரி நிபுணர் ஒருத்தர் சொன்னா போதும்."

சுடர்க்கொடிக்கு ஒரு கணம் ஆசை வந்தது. அதைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைக்கவில்லை. சவரிமுத்துவும் வெளியே வந்துவிடுவார், தானும் தப்பிக்கலாம். தலையை ஆட்டினால் போதும்.

"ஓட்டையை அடைச்சாச்சா சார்?" என்று கேட்டாள்.

"எந்த ஓட்டை?"

"நான் எழுதினது."

"ஓ, அதுவா." அவர் கையை அசைத்தார். "புதுத் தளமே வரப்போகுது. டெண்டர் போயிட்டிருக்கு. அடுத்த வருஷம் எல்லாம் சரியாயிடும்."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் அதை நிமிர்த்தவில்லை. "இருநூத்திப் பதினொரு மதகு இன்னும் இருக்கு சார். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஜனங்க இருக்காங்க. உங்களுக்கு இது அடுத்த வருஷ வேலையா?"

"கோபப்படாதீங்க. கோபத்தாலதானே இவ்வளவும்?"

அந்தச் சொல் சரியான இடத்தில் பட்டது. அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

அரசு அமைத்த விசாரணைக்கு ஆணையராக, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்பார். அறையின் பின்வரிசையில் இறந்தவர்களின் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். சுடர்க்கொடி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பியூனையும் சீட்டையும் சொல்லி விளக்கினாள். முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டினாள். பிறகு, "அந்தச் சீட்டை எழுதினது நான்தாங்க ஐயா," என்றாள்.

"யாரு?"

"நான். இடைவெளி விட்டு எழுதியிருக்கணும். விடல. என் தப்பு. ஆனா எச்சரிக்கைன்னு தலைப்பு போட்டு எழுதின அந்த நாலாவது கடிதத்தை மாசக்கணக்கா ஒரு மனுஷன்கூட பிரிக்கல. அதை முதல்ல பிரிச்சது ஒரு இயந்திரம். அதுக்கு 'வேண்டாம்'ங்கிறது புரியாது, முகவரிதான் புரியும். சவரிமுத்து ஐயா கை தோலுரியத் திருப்பியிருக்கார். சக்கரம் இருந்திருந்தா மூடியிருப்பார். அதை அறுத்தது யாருன்னும் எழுதிக்குங்க."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் குறை இப்ப சரி பண்ணியாச்சா?"

"முழுமையாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது," என்றார் குலசேகரன் எழுந்து.

"இல்லைங்க," என்றாள் சுடர்க்கொடி. "இன்னிக்குக் காலையில பார்த்துட்டுத்தான் வந்தேன். எந்த மதகையும் தொடல. பட்டியலை மட்டும் கேட்டேன். கொடுத்துச்சு. திறந்துதான் கிடக்கு."

"பார்த்தீர்களா! வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்! மறுபடியும் அத்துமீறி நுழைந்திருக்கிறார்!" குலசேகரனின் நிதானம் அன்றுதான் முதல்முறையாகக் கலைந்தது. "இந்தப் பெண்ணை உடனே கைது செய்ய வேண்டும்!"

"செய்யுங்க," என்று கத்தினாள் அவள். "கைது பண்ணிட்டு அதையும் மூடுங்க!"

நீதிபதி மேசையைத் தட்டினார். இரண்டு முறை கேட்காமல் ஒரே தடவையில் உத்தரவிட்டார்: தளத்தை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும், குறையைச் சரிசெய்யும்வரை விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. ஆணையத்தின் தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து, தளம் எந்தெந்த முகவரிக்குப் போகலாம் என்று ஒரு சின்னப் பட்டியல் எழுதிப் போட்டார். எட்டு மாதம் கிடந்த வேலைக்குப் பதினான்கு நிமிடம்தான் ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த சுடர்க்கொடிக்கு, வாழ்நாளில் அதைவிடக் கேவலமான பதினான்கு நிமிடம் வேறு இருக்காது என்று பட்டது.

அந்த வாரமே சவரிமுத்து வெளியே வந்தார். வேலைக்குத் திரும்பச் சொன்னபோது, "மொதல்ல சக்கரத்த மாட்டுங்க, அப்பறம் வாரேன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். குலசேகரன் வேறொரு துறைக்கு மாறினார். இணை இயக்குநராக இருந்தவர் அங்கே இயக்குநர். சுடர்க்கொடியின் மேல் இரண்டு பிரிவுகளில் வழக்குப் பதிவானது. அவள் நிறுவனம் அவளை வேலையை விட்டு நிறுத்தியது. இப்போது நூர்ஜஹான் அவளுக்கும் வழக்கறிஞர்.

முதல் வாய்தா அன்று நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தபோது ஒருவர் வந்து எதிரில் நின்றார். மெலிந்த ஆள், தோளில் துண்டு.

"நான் கலியபெருமாளு. பவுனு வூட்டுக்காரன்," என்றார்.

சுடர்க்கொடி எழுந்து நின்றாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள். அவர் கையை ஓங்கவில்லை, திட்டவுமில்லை.

"ஏதோ கடுதாசி கடுதாசிங்கிறாங்களே. எனக்கு ஒரு தரம் படிச்சுக் காட்டுறீங்களாம்மா?"

வழக்குக் கட்டிலிருந்து நான்காவது கடிதத்தை உருவினாள். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். முகவரி வரும் இடத்தில் மட்டும் தாண்டி, முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை படித்தாள். குனிந்து, தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

"வெளங்குதே," என்றார். "அஞ்சாப்பு படிச்ச எனக்கே வெளங்குதே. இதப் படிக்கத்தான் அவங்களுக்கு ஆளு இல்லியா?" பிறகு விரலைத் தாளின் மேல் வைத்தார். "நடுவுல ஒண்ணு படிச்சீங்களே. ஆத்துல யாராச்சும் இருந்தா அப்படின்னு. அத மட்டும் இன்னொரு தரம் படிங்க."

அவள் தேடிப் படித்தாள். "'அந்த நேரத்தில் படுகையில் ஆட்கள் எவரேனும் இருந்தால் உயிர்ச்சேதம் ஏற்படும்.'"

"ஆட்கள்," என்றார் கலியபெருமாள். "அது பவுனுதாம்மா."

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் அவளால் எழ முடிந்தது.